காக்கை உட்கார்ந்த கிளை

ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாத பிள்ளை. ஆசிரியர் இரண்டாவது வரியைச் சொல்லி முடிப்பதற்குள் கவனம் ஜன்னலுக்குப் போய்விடும். பள்ளியிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்த பிறகு பெற்றோர் மனநல மருத்துவரிடம் போகிறார்கள். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, அதாவது ஏடிஹெச்டி, என்கிறார் மருத்துவர். மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுக்கிறார். பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்குகிறது. மூன்றாவது வாரம் கண்ணை இறுக மூடி மூடித் திறக்கிறது, தோளை வெட்டுகிறது, சளியே இல்லாமல் தொண்டையைச் செருமுகிறது. மாத்திரை செய்த வேலை இது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. அன்றைக்கே மாத்திரை குப்பைக்குப் போகிறது. இப்படி முடிவெடுக்கும் பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. மருத்துவர்களும் ஒரு காலத்தில் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். மருந்துடன் வரும் தாளில் அதை அச்சடித்தும் வைத்தார்கள். ஆனால், அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகள் அந்த முடிவைத் தாங்கவில்லை. மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்து வழக்கமான அளவில் தரப்பட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த அசைவுகளை உண்டாக்குவதில்லை. உண்டாக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவை எவை என்பது ஓரளவு தெரிந்தும் இருக்கிறது. நம் அச்சம் அந்தச் சந்தர்ப்பங்களை விட்டுவிட்டு வேறெங்கோ போய் நிற்கிறது. அதனால் பிள்ளைகளுக்குப் பயன்படும் மருந்தும் கைநழுவுகிறது, உண்மையான ஆபத்தும் கண்ணில் படாமல் போகிறது என்பதே என் வாதம்.

தன்னிச்சையில்லாத அசைவு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அவை ஒரே வகை அல்ல. திடீரென்று வந்து, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் சிமிட்டல், வெட்டு, செருமல் ஆகியவற்றை மருத்துவர்கள் ‘டிக்’ என்கிறார்கள். சிறிது நேரம் அடக்கி வைக்கலாம், அடக்க அடக்க உள்ளே ஓர் உந்துதல் ஏறும், விட்டதும் ஆறும். பலவகை அசைவு டிக்குகளும் குரல் டிக்கும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதற்கு டூரெட் நோய்க்குறி என்று பெயர். 1885-இல் ஒன்பது நோயாளிகளை வைத்து இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜில் தெ லா டூரெட்டின் பெயர் அது. கோரியா வேறு. கை, கால், முகம் என்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடும், எப்போது எங்கே வருமென்று சொல்ல முடியாத நெளிவு அது, அடக்கினால் அடங்காது. நாக்கும் தாடையும் வாயும் தாமாகவே மெல்லுவதுபோல் இயங்குவது டிஸ்கைனீசியாவின் ஒரு வடிவம். இவற்றோடு ஊக்கி மருந்து தொடங்கிய புதிதில் உதட்டைக் கடிப்பது, நகத்தைப் பிய்ப்பது, தோலைக் கிள்ளுவது, விரல் லேசாக நடுங்குவது போன்ற சின்னச் சின்னப் பழக்கங்களும் தலைகாட்டும். பெற்றோருக்கு எல்லாமே ‘இழுப்பு’தான். ஆனால் இவற்றுள் ஒன்று அநேகமாகத் தானே போய்விடும், ஒன்றைப் பார்த்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எது எதுவென்று பிரித்துப் பார்க்காமல் மாத்திரையை நிறுத்துவதும் தொடர்வதும் இரண்டுமே கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

மாத்திரையின் மேல் சந்தேகம் விழுவதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. மூளையின் ஆழத்தில், உடலசைவைத் தொடங்கவும் தடுக்கவும் வேலை செய்யும் நரம்பணுத் திரள்களில் டோபமின் என்ற வேதிப்பொருளின் அளவு முக்கியமானது. அது குறைந்தால் உடல் இறுகி, அசைவு சுருங்கும். பார்க்கின்சன் நோயில் நடப்பது அதுதான். அது மிகுந்தால் வேண்டாத அசைவு பீறிடும். மெத்தில்ஃபெனிடேட், நரம்பு முனையில் வெளிவந்த டோபமின் திரும்ப உள்ளே இழுக்கப்படுவதைத் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமின் அதோடு நிற்காமல் உள்ளேயிருக்கும் சேமிப்பையும் வெளியே தள்ளுகிறது. டோபமினைக் கூட்டுவது, குறைப்பது என்ற இந்தத் தராசின் இரு தட்டுகளும் ஒரே ஊரில் கிடைத்தன. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருந்த சீபா நிறுவனத்தில் 1944-இல் லேயாந்த்ரோ பனிட்ஸோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அதே நிறுவனத்தில் 1952-இல் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ரெசர்பின் டோபமின் சேமிப்பை வறளச் செய்யும். அது கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு, டோபமினாக மாறக்கூடிய லெவோடோபாவைக் கொடுத்து எழுப்பிக் காட்டிய ஸ்வீடன் அறிஞர் ஆர்வித் கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே, டோபமினைக் கூட்டும் மருந்து அசைவைக் கூட்டுமோ என்று கேட்பது அறிவியலுக்குப் புறம்பான பயம் அல்ல. ஆனால் ‘கூடும்’ என்பது ஒன்று, ‘நடக்கிறது’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணித்தான் அறிய வேண்டும்.

எண்ணியவர்கள் முதலில் என்ன கண்டார்கள்? அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி 1937-இல் 30 பிள்ளைகளுக்கு பென்ஸெட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ பாதிப் பேரின் பள்ளி வேலை வியக்கத்தக்க அளவு தேறியது. அசைவு பற்றிய கவலை 1970-களில்தான் பெரிதாக எழுந்தது. மெத்தில்ஃபெனிடேட் தொடங்கிய பின் டூரெட் வந்தது என்ற தனிப் பதிவுகள் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. 1976-இல் மார்த்தா டெங்க்லாவும் உடன் பணியாற்றியவர்களும் மெத்தில்ஃபெனிடேட் உண்ட 1,520 பிள்ளைகளில் 20 பேருக்கு டிக் கண்டதாக எழுதினார்கள். 14 பேருக்கு அது புதிது. 6 பேருக்கு முன்பே இருந்தது அதிகரித்தது. ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பின்னர் அடங்கிவிட்டது. 1982-இல் இன்னொரு மருத்துவக் குழு இத்தகைய 15 பேரை விவரித்து, டிக் உள்ள பிள்ளைக்கு இம்மருந்து ஆகாது என்றது. டிக் உள்ளவர்களுக்கும் குடும்பத்தில் டூரெட் இருப்பவர்களுக்கும் தரக்கூடாது என்ற தடை மருந்துத் தாளில் பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. இந்தத் தடையின் கீழே இருந்த சான்றை மறுபடி பாருங்கள். மருந்து உண்டவர்களின் கணக்கு இருக்கிறது. மருந்தே உண்ணாத, அதே வயது, அதே கோளாறு உள்ள பிள்ளைகளின் கணக்கு இல்லை. 1,520-இல் 20 என்பது 1.3 விழுக்காடு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு வரை ஏதோ ஒரு கட்டத்தில் தற்காலிக டிக் வருவதாக மதிப்பீடுகள் உண்டு. அப்படியானால் மருந்து உண்டவர்களுக்கு டிக் குறைந்துபோனதா என்ன? இல்லை, யாரும் உற்றுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெரிதாகத் தெரிந்தவை மட்டும் பதிவாயின. இத்தகைய கணக்கை வைத்துக்கொண்டு மருந்தைக் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது, நிரபராதி என்றும் சொல்ல முடியாது.

இங்கேதான் காலப் பொருத்தம் நம்மை ஏமாற்றுகிறது. டிக் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் எட்டிப்பார்க்கும். பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்தைத் தொடும். பதின்வயதின் இறுதியில் பலருக்குத் தணிந்துவிடும். டூரெட் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏடிஹெச்டியும் உண்டு. அவர்களில் பலருக்கு நிலைகொள்ளாமையும் கவனச்சிதறலும் முதலில் வந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே டிக் வருகிறது. பிள்ளையைப் பள்ளியில் சமாளிக்க முடியவில்லை என்று மருந்து தொடங்கப்படுவதும் ஆறு முதல் பத்து வயதுக்குள்தான். அதாவது, மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிக் வரவோ கூடவோ போகும் பருவத்தின் வாசலில்தான் முதல் மாத்திரை விழுங்கப்படுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. பழம் விழுந்ததும் உண்மை, காக்கை உட்கார்ந்ததும் உண்மை. பழம் பழுத்திருந்ததைத்தான் யாரும் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, டிக்கின் சுபாவமே ஏறி இறங்குவது. சில வாரம் கொட்டும், சில வாரம் காணாது, பிறகு வேறு உருவில் வரும். அது ஏறும் வாரத்தில் மாத்திரையை நிறுத்தினால், தானாக இறங்கப்போகிற அலையின் பெருமை மாத்திரையை நிறுத்தியதற்குப் போய்ச் சேரும். ‘நிறுத்தினோம், நின்றுவிட்டது’ என்று அடித்துச் சொல்லும் பெற்றோர் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது நடந்ததுதான். ஆனால், நிறுத்தாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு பார்க்க வழியில்லை.

அதைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் ஒரு பகுதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைத்துக் கணக்கெடுக்க வேண்டும். இதைச் செய்த ஆய்வுகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது 2002-இல் வெளியானது. அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிதியில் நடந்தது. மருந்து நிறுவனத்தின் பணம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏடிஹெச்டியும் டிக்கும் ஏற்கெனவே சேர்ந்தே இருந்த 136 பிள்ளைகள். தடை உத்தரவின்படி மெத்தில்ஃபெனிடேட் பக்கமே போகக் கூடாதவர்கள். நான்கு குழுக்கள், 16 வாரம். டிக் மோசமானதாகச் சொல்லப்பட்டவர்கள் மெத்தில்ஃபெனிடேட் குழுவில் 20 விழுக்காடு. டிக்குக்கே மருந்தாகத் தரப்படும் குளோனிடின் குழுவில் 26. வெற்று மாத்திரைக் குழுவில் 22. எதுவுமில்லாத மாத்திரையை விழுங்கிய பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ‘மாத்திரையால்’ டிக் கூடியது. அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் நடந்திருக்கக்கூடிய பேச்சை எண்ணிப் பாருங்கள். இதற்கு முன்பே, 1999-இல், டொரோன்டோவில் 91 பிள்ளைகளை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வும் ஏறத்தாழ இதையே கண்டது: முன்பு டிக் இல்லாதவர்களில் மருந்து உண்டோருக்கு 19.6 விழுக்காடும் வெற்று மாத்திரை உண்டோருக்கு 16.7 விழுக்காடும் புதிதாக டிக் வந்தது. தற்செயலாக நேரக்கூடிய வேறுபாட்டுக்குள் அடங்கும் இடைவெளி அது. 2015-இல் 22 ஆய்வுகளை, 2,385 பிள்ளைகளை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது மருந்து உண்டோரில் 5.7 விழுக்காடு, வெற்று மாத்திரை உண்டோரில் 6.5 விழுக்காடு பேருக்கு டிக் புதிதாக வந்தது அல்லது கூடியது. தனித்தனியே நடந்தவை ஒரே திசையில் நிற்கும்போது அதை மதிக்காமல் இருப்பது எச்சரிக்கை ஆகாது. அமெரிக்காவில் இப்போதைய மருந்துத் தாளில் பழைய தடை இல்லை. தொடங்குமுன் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் டிக் உண்டா என்று பார், தொடங்கிய பின் கவனி என்ற எச்சரிக்கை அதன் இடத்தில் இருக்கிறது.

‘சராசரியைக் காட்டி என் பிள்ளையை மறைக்காதீர்கள்’ என்று ஒரு தாய் சொன்னால் அது வலுவான மறுப்பு. ஒரு குழுவில் பத்துப் பேருக்குக் குறைந்து பத்துப் பேருக்குக் கூடினாலும் சராசரி அசையாது. உண்மையிலேயே மருந்தால் டிக் கூடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை மறைப்பது நேர்மையற்றது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் 1990-இல் 45 சிறுவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட்டும் டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமினும் மாற்றி மாற்றிக் கொடுத்து உற்றுப் பார்த்தபோது 34 பேரிடம் விநோத அசைவுகளோ, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கமோ ஏதோ ஒரு கட்டத்தில் தென்பட்டது. உற்றுப் பார்த்தால் எவ்வளவு தெரியும் என்பதற்கு அது சாட்சி. அதே நிறுவனத்தில் 1997-இல், டூரெட்டும் ஏடிஹெச்டியும் உள்ள 20 சிறுவர்களிடம், அளவைக் கூட்டிக்கொண்டே போனபோது டிக் கூடியது. மெத்தில்ஃபெனிடேட்டில் அந்த ஏற்றம் நாளடைவில் தணிந்தது; டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் அதிக அளவில் தணியாமல் நின்றது. ஆக, அளவும் மருந்தின் வகையும் முக்கியம். இந்தியாவில் ஏடிஹெச்டிக்குப் பெரும்பாலும் கிடைக்கும் ஊக்கி மெத்தில்ஃபெனிடேட்தான் என்பது இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். தனிப்பட்ட பிள்ளையைப் பொறுத்தவரை கேள்விக்கு விடை காண வழியும் உண்டு. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். மருத்துவரின் மேற்பார்வையில் அளவைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்து, சில வாரம் கழித்து மறுபடி தொடங்கிப் பார்க்கலாம். கொடுத்தால் கூடுகிறது, நிறுத்தினால் குறைகிறது, மறுபடி கொடுத்தால் மறுபடி கூடுகிறது என்று இரண்டு சுற்றிலும் ஒரே மாதிரி நடந்தால் காக்கைதான் பழத்தைத் தள்ளியது என்று ஒப்புக்கொள்ளலாம். அப்போது ஊக்கி அல்லாத அட்டோமாக்ஸெட்டினோ குளோனிடினோ இருக்கிறது. ஒரே ஒரு முறை நிறுத்திப் பார்த்து முடிவு கட்டுவதில்தான் தவறு.

ஆய்வுகள் வாரக்கணக்கு, பிள்ளைகள் உண்பதோ ஆண்டுக்கணக்கு என்பது அடுத்த மறுப்பு. டொரோன்டோ ஆய்வு ஓராண்டு நடந்தது. நியூயார்க்கில் ஏடிஹெச்டியும் நீடித்த டிக்கும் உள்ள 34 பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் பரிசோதித்தவர்கள், மருந்தால் டிக் மோசமாகவில்லை என்று 1999-இல் எழுதினார்கள். அதற்கு மேல் நீளும் காலத்துக்குச் சான்று மெலிதாகத்தான் இருக்கிறது. யூட்டா மாநில மருத்துவப் பதிவுகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு, ஏடிஹெச்டி உள்ளோருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் உள்ளிட்ட அசைவு நோய்கள் வரும் வாய்ப்பு 2.4 மடங்கு என்றும், ஊக்கி மருந்து உண்டவர்களுக்கு 21 முதல் 49 வயதுக்குள் அவை தொடங்கும் வாய்ப்பு இன்னும் பல மடங்கு என்றும் கண்டது. மருந்து கொடுக்கப்பட்டவர்கள் கோளாறு கடுமையாக இருந்தவர்கள் என்பதால் மருந்தின் பங்கையும் நோயின் பங்கையும் அந்த ஆய்வால் பிரிக்க முடியவில்லை. ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் இது ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. நீண்டகாலக் கண்காணிப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஆனால், இதை எடுத்துக்காட்டி எட்டு வயதுப் பிள்ளையின் கண்சிமிட்டலுக்கு மாத்திரையை நிறுத்துவது பொருந்தாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? நான் சுட்டிக்காட்ட விரும்புவது மருந்து மாற்றும் இடைவெளியை. அடங்காத பிள்ளைக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்தோ மாத்திரையோ தருவது நம் ஊரில் புதிதல்ல. அது டோபமின் பதியும் வாயில்களை அடைக்கும் மருந்து. ஆட்டிசத்தில் வரும் கடும் ஆத்திரத்துக்கும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதற்கும் அதற்கு இடமுண்டு. ஆனால், ‘ஊக்கி மருந்து பயமாக இருக்கிறது, வேறு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்கும் பெற்றோரின் கைக்கு, மிகையியக்கத்தை அடக்க இது வந்து சேர்ந்தால், அசைவுக் கோளாறுக்குப் பயந்து அசைவுக் கோளாறு தரும் மருந்தையே வாங்கிக்கொண்டதாக ஆகும். உடல் இறுக்கம், கழுத்து முறுக்கிக்கொள்வது, நிலைகொள்ளாமல் கால்மாற்றுவது, நீண்டகாலத்தில் வாயும் நாக்கும் தாமாக அசைவது எல்லாம் இந்த வகை மருந்துகளுக்கு நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். எடை ஏறுவது தனி. இன்னும் மோசமானது, இதைத் திடீரென்று நிறுத்திவிட்டு மெத்தில்ஃபெனிடேட் தொடங்குவது. மாதக்கணக்கில் அடைபட்டிருந்ததால் மூளை டோபமின் வாயில்களைப் பெருக்கி வைத்திருக்கும், கூர்மையாக்கியும் வைத்திருக்கும். அடைப்பு ஒரே நாளில் நீங்கி, மறுநாளே டோபமினைக் கூட்டும் மருந்து உள்ளே போனால் முகமும் கையும் கட்டுப்பாடின்றி நெளியத் தொடங்கலாம். இப்படித் தொடங்கிய சில மணிகளிலோ நாட்களிலோ கடும் டிஸ்கைனீசியா கண்ட பிள்ளைகளின் பதிவுகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. ஒரு மருத்துவரிடம் மனம் ஒப்பாமல் இன்னொருவரிடம் போகும்போது பழைய சீட்டைக் காட்டாமல் இருப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். இந்த விபத்துக்கு அந்தப் பழக்கமே வழி திறந்துவிடும்.    

எல்லா அசைவையும் மாத்திரையின் தலையில் போடுவதால் வரும் இன்னொரு இழப்பு, வேறு நோய் மறைந்துபோவது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் தொண்டைப் புண் வந்து சில வாரம், சில மாதம் கழித்துக் கோரியா வரலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலின் ஒரு முகம் அது. சிடன்ஹாம் கோரியா என்பார்கள். வளர்ந்த நாடுகளில் அரிதாகிவிட்டாலும் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. கையெழுத்து கோணும், டம்ளர் கைநழுவும், பிள்ளை முகத்தைக் கோணுகிறது என்று ஆசிரியர் அடிப்பார். பிள்ளைக்கு ஏற்கெனவே ஏடிஹெச்டி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் பழி சுலபமாக அங்கே போய்விடும். மாத்திரை நின்றுவிடும், இதயத்தைப் பரிசோதிக்கும் எக்கோ எடுக்கப்படாது. வால்வு பழுதானது தெரிய வரும்போது வருடங்கள் போயிருக்கும். டிக்கைப்போல் அடக்க முடியாத, ஓரிடத்தில் நில்லாத நெளிவு என்றால் மாத்திரையைப் பற்றிய விவாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் குழந்தைநல மருத்துவரிடம் போக வேண்டும்.

‘சந்தேகம் இருக்கும்போது நிறுத்திவிடுவதில் என்ன நஷ்டம்?’ என்பார்கள். நிறுத்துவது செலவில்லாத காரியம் என்ற எண்ணம்தான் இந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிறது. கோவையில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 770 பேரில் 11.32 விழுக்காட்டினருக்கு ஏடிஹெச்டி இருப்பதாகக் கண்டார்கள். வினாப்பட்டியலை வைத்து எடுக்கும் கணக்குகள் சற்று மிகையாக இருக்கலாம். பாதியென்று வைத்துக்கொண்டாலும் ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் மருந்து வேண்டியதில்லை. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதல் சிகிச்சை. வேண்டியிருக்கும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போனால் இழப்பு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. நாள்தோறும் திட்டு வாங்கி, தன்னை மக்கு என்றே நம்பத் தொடங்கிய பிள்ளையை மறுபடி எழுப்புவது மருந்தைவிடக் கடினம். ஸ்வீடனில் ஏடிஹெச்டி உள்ள 17,408 பெரியவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டவர்கள், மருந்து உண்ட காலத்தில் ஆண்களுக்குக் கடும் சாலை விபத்து 58 விழுக்காடு குறைந்திருந்ததாகக் கண்டார்கள். பெண்களிடம் அத்தகைய தெளிவான வேறுபாடு இல்லை. கவனம் தப்புவது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை இந்த எண் காட்டுகிறது. நிறுத்தும் முடிவுக்கும் ஒரு விலை உண்டு. அதையும் தட்டில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்பாட்டில் இருப்பது. அளவு மீறித் தன்னிச்சையாக ஊக்கிகளை உட்கொள்பவர்களிடம் நடப்பதைப் பார்த்தால் அந்தக் கட்டுப்பாடு சரியென்றே சொல்வேன். ஒரே பொருளைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் போதை அடிமைகளை ஸ்வீடன் மருத்துவர் ஈஸ்டா ரைலாண்டர் 1972-இல் விவரித்தார். மெத்தாம்ஃபெட்டமின் பழகியவர்களின் தாடைக் கடிப்பும் நெளிவும் நம் ஊர் மருத்துவமனைகளுக்கும் அந்நியமில்லை. ஆனால், இவ்வளவு கட்டுப்பாட்டோடு விற்கும் மருந்துடன் தமிழில் ஒரு தாள் இல்லை. எழுதிக் கொடுக்கும் மருத்துவர் முதல் மாத்திரைக்கு முன்பாகச் செய்ய வேண்டியவை ஐந்து நிமிட வேலைதான்: பிள்ளைக்கு முன்பு கண்சிமிட்டல், செருமல் இருந்ததா, தகப்பனுக்கோ தாய்மாமனுக்கோ சின்ன வயதில் இருந்ததா என்று கேட்பது, வேறு என்ன மருந்து ஓடுகிறது, எது எப்போது நிறுத்தப்பட்டது என்று கேட்பது, பிள்ளை சும்மா உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதை இரண்டு நிமிடம் கைப்பேசியில் படமெடுத்து வைக்கச் சொல்வது. மூன்றாவது வாரம் ஏதாவது தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம் போதும். முன்பே இருந்தது பல நேரம் அதில் அகப்பட்டுவிடும். டிக் வரலாம், வந்தால் நீங்களாக நிறுத்தாமல் வந்து காட்டுங்கள் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பெற்றோர் மாத்திரையைக் குப்பையில் போட மாட்டார்கள்.

டிக் வந்து தங்கிவிட்டாலும் அதற்கு மருந்து கட்டாயமில்லை. உந்துதல் வரும் நொடியை உணரவும், அப்போது வேறோர் அசைவால் அதை ஈடுகட்டவும் பழக்கும் நடத்தைப் பயிற்சியை 126 பிள்ளைகளிடம் பத்து வாரம் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களில் 52.5 விழுக்காட்டினர் நன்கு தேறினர், வெறும் ஆலோசனை பெற்றவர்களில் 18.5 விழுக்காட்டினரே. நம் மாவட்ட மனநல மையங்களில் இதைக் கற்றுத்தரும் உளவியலாளர்கள் அமர்த்தப்பட்டால் பல மருந்துச் சீட்டுகள் தேவைப்படாது. அதுவரை வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடியது, ‘கண்ணைச் சிமிட்டாதே’ என்று சொல்லாமல் இருப்பது. சொல்லச் சொல்ல டிக் கூடும். பத்து வயதுக்குக் கீழே பல பிள்ளைகளுக்கு அந்த உந்துதலே உறைப்பதில்லை. அவர்களைக் கேட்டால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. தாம் சிமிட்டுவது யாராவது சொல்லும்வரை அவர்களுக்குத் தெரியாது.